அப்பத்தா கேட்ட கேள்வியும் ஒரு படிப்பின் கதையும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் சண்டிகர்வாசிகளான நாம் செய்கிற வேலை ஒன்றுதான். காலையில் ராக் கார்டன், மத்தியானம் செக்டர் பதினேழு, சாயங்காலம் சுக்னா ஏரி. போன தீபாவளிக்கு அம்மா வந்திருந்தபோதும் இதே வரிசைதான். ராக் கார்டனைப் பார்த்து "உடைஞ்ச வளையலையும் பீங்கானையும் வச்சு என்னமாப் பண்ணிருக்கான்" என்று ஆச்சரியப்பட்டவர், சுக்னா கரையில் வந்து நின்றதும் அமைதியாகிவிட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். கரையைப் பார்த்தார். அப்புறம் ஆரம்பித்தார்.

"ஏப்பா, இது கண்மாயா?"

"ஆமாம்மா. இங்க ஏரிம்பாங்க."

"கரை நல்லாத்தான் போட்டிருக்கான். மடை எங்க?"

"மடை கிடையாதும்மா. இது பாசனத்துக்கு இல்ல. நடக்கிறதுக்கு, படகு விடுறதுக்கு."

பாசனம் இல்லாத கண்மாயா! அம்மா முகத்தில் ஒரு பரிதாபம். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில், கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வயலோடு வாழ்ந்த மனுஷி. அடுத்த கேள்விதான் என்னைக் கவிழ்த்தது.

"சரி, வரத்து எங்கேருந்து?"

பதினெட்டு வருஷமாக இந்தக் கரையில் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறினதில்லை. ஒரு நாளும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. திருதிருவென்று முழித்தேன். காப்பாற்றியது மகள். ரூர்க்கியில் எம்.டெக். ஹைட்ராலஜி படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"அந்தா தெரியுதுல்ல அப்பத்தா, அந்த மலை. அங்கேருந்துதான். ஏரி மூணு சதுர கிலோமீட்டர்தான். ஆனா அதுக்குத் தண்ணி தர்ற நிலம் நாப்பத்திரண்டு சதுர கிலோமீட்டர். அந்த நிலத்தத்தான் வாட்டர்ஷெட்னு சொல்றோம். நான் படிக்கிறது அதத்தான்."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். "மழை பேஞ்சா தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்கு வரும். இதப் படிக்க ரெண்டு வருசமாடி?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசம் கம்மி அப்பத்தா. இங்க இருக்கிற இன்ஜினியருங்களுக்கு அதப் புரிஞ்சுக்க நூறு வருசத்துக்கு மேல ஆயிருக்கு" என்றாள்.

அந்தப் பதில் ரொம்ப நாள் மண்டையைக் குடைந்தது. அவளிடமே கேட்டும், அவள் கொடுத்த புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நம்மில் பல வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் தவிர வேறு படிப்பே இல்லை என்று நாம் நினைக்கிறோம். (நானும் அப்படித்தான் இருந்தேன். அவள் இந்தப் படிப்பைச் சொன்னபோது வீட்டில் நடந்த பஞ்சாயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.)

கால்வாயிலிருந்து ஒரு கல்லூரி

மகளைச் சேர்க்கப் போனபோது ரூர்க்கியில் முதலில் கண்ணில் பட்டது ஐ.ஐ.டி. இல்லை, கால்வாய். ஊரின் நடுவே ஒரு ஆறு மாதிரி ஓடுகிறது. ஓரத்தில் பெரிய பெரிய சிங்கச் சிலைகள். பக்கத்தில் சோலானி என்று ஒரு நிஜ ஆறு. அதற்கு மேலே பாலம் போட்டு, அந்தப் பாலத்தின் மேல் கால்வாயை ஓடவிட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு மேலே ஆறு!

இதுதான் கங்கைக் கால்வாய். 1837-38-ல் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட பகுதியில் பெரும் பஞ்சம். சாவு லட்சக்கணக்கில். அதற்குப் பிறகுதான் ஹரித்வாரில் கங்கையிலிருந்து கால்வாய் வெட்டும் யோசனைக்கு உயிர் வந்தது. ப்ரோபி காட்லி என்ற ராணுவப் பொறியாளர் குதிரையிலும் நடையிலுமாக மாதக்கணக்கில் அலைந்து நிலத்தை அளந்தார். 1842-ல் வேலை ஆரம்பம். ஹரித்வார் பண்டாக்கள் கங்கையைக் கட்டிப்போடக் கூடாது என்று எதிர்த்தார்கள். அணையில் ஓர் இடைவெளி விட்டு, கங்கை தடையில்லாமல் ஓட வழி விடுவதாக காட்லி ஒத்துக்கொண்டார். 1854 ஏப்ரல் 8-ல் தண்ணீர் திறந்தார்கள். கிளைகளையும் சேர்த்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1851-லேயே இங்கே மண் சுமக்க ஒரு நீராவி எஞ்சின் ஓடியிருக்கிறது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் பயணிகள் ரயில் ஓடியது 1853-ல்தான்.

இவ்வளவு பெரிய வேலைக்கு ஆள் வேண்டுமே? ஓவர்சியர், சர்வேயர், பொறியாளர் என்று எல்லோரையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டு வர முடியாது. அதனால் அந்த மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஜேம்ஸ் தாம்சன் 1847-ல் ரூர்க்கியில் ஒரு கல்லூரி தொடங்கினார். முதல் பிரின்சிபால் ராபர்ட் மக்லகன். தாம்சன் 1853-ல் இறந்துபோக, அடுத்த வருஷம் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தாம்சன் கல்லூரி 1949-ல் ரூர்க்கி பல்கலைக்கழகமானது; 2001-ல் ஐ.ஐ.டி. ஆனது.

ஆக, இந்தியாவில் நீர் பற்றிய பெரிய படிப்பு ஒன்று பிறந்தது ஒரு கால்வாய்க்காக. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, அதை வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். கேள்வி அவ்வளவுதான். சரிவு எவ்வளவு, அகலம் எவ்வளவு, கரை எவ்வளவு உயரம் என்பதுதான் பாடம். ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து, எந்த மேட்டிலிருந்து வருகிறது, அந்த மேடு எந்த நிலையில் இருக்கிறது என்பது பாடத்தில் இல்லை. அம்மா கேட்ட இரண்டாவது கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை.

நம்ம ஊர்ப் பாடம்

இங்கே நம் பக்கத்துக் கதையையும் சொல்லியாக வேண்டும். ஆர்தர் காட்டன் தஞ்சாவூர்ப் பக்கம் வேலை பார்த்தவர். கல்லணையைப் பார்த்து அவர் வியந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் அதிலிருந்து பாடம் படித்தார் என்பதுதான் முக்கியம். அடியாழம் வரை மணலாகக் கிடக்கிற ஆற்றில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம் என்று அவரே எழுதியிருக்கிறார். 1836-ல் முக்கொம்பில் மேலணை, அடுத்து கோதாவரியில் தவளேஸ்வரம் அணை, எல்லாம் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. வடக்கே கங்கைக் கால்வாயில் இருந்த பெயர்ட் ஸ்மித் தெற்கே வந்து காவிரி, கிருஷ்ணா, கோதாவரி வேலைகளைப் பார்த்து 1856-ல் ஒரு புத்தகமே போட்டார்.

அப்புறம் காட்டனுக்கும் காட்லிக்கும் பெரிய சண்டை! கங்கைக் கால்வாயின் தலைப்பு தப்பான இடத்தில் இருக்கிறது, சரிவு அதிகம் என்று காட்டன் சொல்ல, காட்லி மறுக்க, 1860-களில் மாறி மாறிப் புத்தகம் எழுதிக்கொண்டார்கள். சரிவு விஷயத்தில் காட்டன் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீர் வேகமாக ஓடிக் கால்வாயின் அடியை அரித்தது. பின்னால் திருத்த வேண்டி வந்தது. மகள் இதைச் சொல்லும்போது, "ரெண்டு பேருமே கால்வாயப் பத்தித்தான் சண்டை போட்டாங்க, மலையப் பத்தி இல்ல" என்றாள்.

அதன் பிறகு ஐம்பது அறுபது வருஷம் வண்டலோடு மல்லுக்கட்டு. சரிவு அதிகமானால் அரிப்பு, குறைந்தால் வண்டல் படிவு. இரண்டும் இல்லாத வேகம் எது? பஞ்சாபில் மேல் பாரி தோஆப் கால்வாயில் அளந்து 1895-ல் கென்னடி ஒரு சூத்திரம் சொன்னார். 1930-ல் லேசி அதை மேலே கொண்டுபோனார். உலகம் முழுவதும் கால்வாய்ப் பாடத்தில் இன்றும் இந்த இரண்டு பெயர்களும் உண்டு. நம் நாட்டு வண்டலில் பிறந்த விஞ்ஞானம் இது. ஆனாலும் பாருங்கள், வண்டல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் ஆராய்ச்சி. ஏன் வருகிறது என்பது இல்லை.

மேட்டைத் திரும்பிப் பார்த்தது

திரும்பிப் பார்க்க வைத்தவை இரண்டு விஷயங்கள். ஒன்று அமெரிக்காவில் 1930-களில் அடித்த புழுதிப் புயல். மேய்ச்சல் நிலத்தை எல்லாம் உழுதுபோட்டு, மழையும் பொய்த்து, மண் வானத்தில் பறந்தது. ஹியூ பென்னட் என்ற மண்ணியலாளர் கத்திக் கத்தி, 1935-ல் மண் பாதுகாப்புக்குச் சட்டமே வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் நீரியல் ஒரு தனி விஞ்ஞானமாக நிமிர்ந்தது. பெய்கிற மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வரும், எந்த மணியில் வரும் என்று கணக்கிட 1932-ல் ஷெர்மன் ஒரு வழி சொன்னார். மண்ணுக்குள் எவ்வளவு இறங்கும் என்பதை 1933-ல் ஹார்ட்டன் சொன்னார்.

இரண்டாவது, சுதந்திரத்துக்குப் பிறகு நாம் கட்டிய பெரிய அணைகள். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-ல் வந்தது. மைத்தான், பஞ்சேத் என்று அணைகள் எழுந்தன. கட்டும்போது போட்ட கணக்கைவிட வேகமாக வண்டல் சேர்ந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியதை மலையில் ஒரு மழை பெய்து மண்ணால் நிரப்பினால் யாருக்குத்தான் பயம் வராது? தாமோதர் கழகம் ஹசாரிபாகில் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு பிரிவை வைத்தது. 1950-களின் நடுவில் டேராடூன், கோட்டா, பெல்லாரி, நம்ம ஊட்டி, அப்புறம் இந்தச் சண்டிகர் என்று மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையங்கள் வந்தன. டேராடூனைத் தலைமையாக வைத்து 1974-ல் இவை எல்லாம் ஒரே நிறுவனமாயின. இன்றைக்கு அதன் பெயர் இந்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிறுவனம்.

அங்கே என்ன செய்கிறார்கள்? மகள் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து விளக்கினாள். சரிவான நிலத்தில் நீளமாக ஒரு பாத்தி. நாலு பக்கமும் தடுப்பு. கீழ்க்கோடியில் ஒரு தொட்டி. ஒரு பாத்தியில் புல், அடுத்ததில் மக்காச்சோளம், அடுத்தது வெறும் தரை. மழை பெய்ததும் போய்த் தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மண் என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான். பார்த்தால் பள்ளிக்கூடப் பரிசோதனை மாதிரி இருக்கும். ஆனால் இப்படி ஆயிரக்கணக்கான பாத்திகளில் வருஷக்கணக்கில் அளந்து அமெரிக்காவில் விஷ்மியரும் ஸ்மித்தும் 1965-ல் ஒரு சமன்பாடு வெளியிட்டார்கள். மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளம், சாய்மானம், பயிர், பாதுகாப்பு முறை ஆகியவற்றைப் பெருக்கினால் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு எத்தனை டன் மண் போகும் என்று வரும். இன்றும் எந்த மாணவரும் முதலில் படிப்பது இதைத்தான்.

இன்னொரு கணக்கும் சொன்னாள், இது எனக்கே பிடித்திருந்தது. ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். நாப்பத்திரண்டு சதுர கிலோமீட்டரில் பெய்தால் 42 கோடி லிட்டர். இதில் எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு ஓடும், ஓடுவது எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்? வரவு செலவுக் கணக்குதான். பாங்கில் வேலை பார்க்கிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது.

ரூர்க்கியும் சும்மா இருக்கவில்லை. 1954-ல் துணைவேந்தராக வந்த ஏ.என். கோஸ்லா (பக்ரா அணையோடு பெயர் சேர்ந்தவர்) அடுத்த வருஷமே ஆசிய, ஆப்பிரிக்க நாட்டுப் பொறியாளர்களுக்காக நீர்வள மேம்பாட்டுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972-ல் யுனெஸ்கோ உதவியோடு ஹைட்ராலஜி தனிப் படிப்பானது. 1978-ல் பக்கத்திலேயே தேசிய நீரியல் நிறுவனம் வந்தது. கால்வாய்க்குப் பிறந்த கல்லூரி மலையேற 125 வருஷம் ஆகியிருக்கிறது. மகள் சொன்ன கணக்கு சரிதான்.

சுக்னாவுக்கு வந்த மண்

இனி அம்மா நின்ற அதே கரைக்கு வருவோம். சுக்னா ஏரியை 1958-ல் கட்டினார்கள். லெ கோர்பூசியேயும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் சேர்ந்து, சிவாலிக் மலையிலிருந்து வரும் ஓர் ஓடையைத் தடுத்து உண்டாக்கியது. சிவாலிக் மலை பார்க்க மலைதானே ஒழிய, பெரும்பகுதி இறுகாத மண்ணும் கூழாங்கல்லும். 1970-கள் ஆகும்போது ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் மண்ணால் மூடிவிட்டது. அள்ளினார்கள், அள்ளினார்கள், மறு வருஷமே நிறைந்தது.

சண்டிகர் மண் பாதுகாப்பு மையத்தில் அப்போது பி.ஆர். மிஸ்ரா என்ற விஞ்ஞானி இருந்தார். மண் எங்கிருந்து வருகிறது என்று அவர் ஓடை வழியே மேலே போனார். போய் நின்ற இடம் சுகோமாஜ்ரி. சுமார் அறுபது குடும்பங்கள் இருந்த குஜ்ஜர் கிராமம். மானாவாரி விவசாயம், அதுவும் பொய்த்தால் ஆடு. ஆடு மேய்ந்து மேய்ந்து மலை மொட்டை. சர்க்கார் வழக்கப்படி என்ன செய்வார்கள்? வேலி போடுவார்கள், காவல் போடுவார்கள், மேய்ந்தால் அபராதம் போடுவார்கள். ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி: உங்க ஊர் ஏரிக்கு மண் வராம இருக்க, நாங்க ஏன் ஆட்டை விக்கணும்?

இங்கேதான் கதை திரும்புகிறது. அரிப்பைத் தடுக்க மையத்துக்காரர்கள் மலை ஓடையில் சின்னதாக மண் அணை கட்டியிருந்தார்கள். அதில் தேங்கிய தண்ணீர் கோதுமை வயலுக்குப் பாய்ந்தபோது விளைச்சல் எகிறியது. ஊருக்குப் புரிந்துவிட்டது. அணை தூர்ந்துபோனால் தண்ணீர் போச்சு. தூராமல் இருக்க மலையில் ஆடு மேயக் கூடாது. சுக்னா ஏரிக்காக விடாத ஆட்டை, தங்கள் தண்ணீருக்காக விட்டார்கள். கம்பி வேலியே இல்லை. இதற்கு 'சமூக வேலி' என்று மிஸ்ரா பெயர் வைத்தார்.

அதைவிடப் பெரிய விஷயம் பங்கீடு. நிலம் இல்லாத குடும்பத்துக்கும் தண்ணீரில் சம பங்கு. வயல் இல்லாதவர் தன் பங்கை வயல் இருப்பவருக்கு விற்கலாம். ஏனென்றால் நிலம் இல்லாதவர்தானே ஆட்டை நம்பி இருந்தார்? அவர் ஒத்துக்கொள்ளாமல் மலை எப்படிப் பச்சையாகும்? ஊர்ச் சங்கம் வந்தது. ஆடுகள் குறைந்து எருமைகள் வந்தன. மலையில் முளைத்த பாபர் புல் காகித ஆலைக்குப் போய்ப் பணமானது. கீழே சுக்னாவுக்கு வருகிற மண் வெகுவாகக் குறைந்தது.

இதே காலத்தில் மகாராஷ்டிராவில் 1972 பஞ்சத்தைப் பார்த்துவிட்டு விலாஸ்ராவ் சாளுங்கே என்ற புனே தொழிலதிபர் நாய்காவ் கிராமத்தில் பானி பஞ்சாயத்தைத் தொடங்கினார். தண்ணீர், நிலத்தின் அளவுக்கு இல்லை, குடும்பத்தில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. கரும்பு போடக் கூடாது. நிலமில்லாதவருக்கும் உரிமை. சுகோமாஜ்ரியும் இதுவும் இரண்டு மூலையில் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன.

இப்படிப்பட்ட கிராமங்கள்தான் பாடத்திட்டத்தை மாற்றின. 1994-ல் ஹனுமந்த ராவ் குழு அறிக்கை கொடுத்தது. 1995 முதல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வந்தன: சுமார் 500 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பை ஓர் அலகாக எடு, முகட்டிலிருந்து ஆரம்பித்துப் பள்ளத்துக்கு வா, ஊர்க்காரர்களின் குழு இல்லாமல் செய்யாதே. 2008-ல் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான நெறிமுறை வந்தது. பல்கலைக்கழகங்களும் அதன்படி மாறின. இன்றைக்கு மகள் படிப்பில் செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பிடிப்பின் எல்லையைக் கம்ப்யூட்டரில் வரைவதும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பதும் உண்டு. இரண்டாவதுதான் கஷ்டமாம்.

கதை இத்தோடு முடியவில்லை

சுபம் போட்டு முடிக்கலாம் என்று பார்த்தால் மகள் விடவில்லை. "சுகோமாஜ்ரி இப்ப எப்படி இருக்குன்னு போய்ப் பார்த்தியாப்பா?" என்றாள். ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனோம். மலை பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கத்துக்குப் பழைய வேகம் இல்லை. சில அணைகள் தூர்ந்துவிட்டன. புல் வருமானத்தில் வனத்துறையோடு இழுபறி. பக்கத்தில் தொழிற்சாலைகள், பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். தண்ணீரை நம்பி இருக்கிற கட்டாயம் குறைந்தால், தண்ணீருக்காகக் கூடுகிற ஊரும் கலைகிறது.

இன்னொரு வேடிக்கை. மேலே தடுப்பணைகள், மரங்கள் என்று அதிகமானதும், மண் வருவது நின்றதோடு தண்ணீர் வருவதும் குறைந்துபோனது. மழை குறைந்த வருஷங்களில் சுக்னா பெரும்பகுதி வற்றி, ஏரிக்குள் புல் முளைத்ததைச் சண்டிகர்க்காரர்கள் பார்த்திருக்கிறோம். 2020 மார்ச்சில் உயர் நீதிமன்றம் இந்த ஏரியை உயிருள்ள ஒன்றாக அறிவித்தது. அதே 2020-லும், பிறகு 2023-லும் மழை கொட்டி மதகுகளைத் திறக்க வேண்டி வந்தது. மேலே நிறுத்துகிற ஒவ்வொரு குடம் தண்ணீரும் கீழே ஒருவருக்கு வராத தண்ணீர். நல்லது செய்தாலும் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும். அம்மா கேட்டாரே, இரண்டு வருஷம் எதற்கு என்று? இந்தக் கணக்குக்குத்தான்.

வீட்டுப் பஞ்சாயத்து

இப்போது சொல்லிவிடுகிறேன். மகள் சிவில் முடித்து, கேட் எழுதி, கையில் ஒரு மென்பொருள் கம்பெனி வேலையும் இருந்தபோதுதான் ஹைட்ராலஜி என்றாள். நான் ஒரு வாரம் பேசவில்லை. மாமா, சித்தப்பா எல்லோரும் போனில் "பொம்பளப் பிள்ள காடு மலைன்னு அலையப் போகுதா?" என்று ஏற்றிவிட்டார்கள். சம்பளமும் ஒரு காரணம். மறைக்க மாட்டேன். மத்திய நீர் ஆணையம், நிலத்தடி நீர் வாரியம், மாநிலப் பொறியியல் துறைகள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனைக் கம்பெனிகள் என்று வேலை இருக்கிறது. ஆனால் மென்பொருள் மாதிரிக் கூட்டமாக வந்து அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். காத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதான் சேர்க்க வேண்டும். நம் ஊரிலேயே படிக்க வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியலும் இருக்கின்றன.

என் மனசு மாறியதற்குக் காரணம் சம்பளமோ வரலாறோ இல்லை. அந்தச் சுக்னா கரைதான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகள் லேப்டாப்பில் எங்கள் ஊர்க் கண்மாயை விரித்தாள். மேலேயிருந்து பார்த்தால் ஒரு பிறை மாதிரி கரை. உள்ளே முழுக்கக் கருவேலம் பச்சை. "அப்பத்தா, இதுக்கு வரத்துக்கால் எங்க?" என்று கேட்டாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரலை வைத்து இழுத்தார். மேலே இன்ன ஊர்க் கண்மாய் கலுங்கு பாய்ந்தால் இந்த வழியாக வரும், இங்கே ஒரு பனைமரக் கூட்டம், இங்கே திரும்பும், இங்கே நீர்பாய்ச்சி நிற்பான். விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே தார் ரோடும், வரிசையாக மனைக்கட்டும். குழாயோ பாலமோ எதுவும் இல்லை.

"இதாந்தாயி" என்றார். "கரைய மூணு தடவ உசத்துனாங்க. மடைக்கு சிமெண்ட் பூசுனாங்க. இத ஒருத்தரும் பாக்கல. ஒன் தாத்தா சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. அப்புறந்தான் வயல வித்து ஒங்கப்பனப் படிக்க வச்சோம்."

வயலை விற்றுத்தான் நான் படித்தேன் என்பது எனக்குத் தெரியும். ஏன் விற்றார்கள் என்று நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. ஊரில் மழை இல்லை, அதனால் வெளியே வந்தோம் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மகள் தன் ஆய்வுக்கு அந்தக் கண்மாய்த் தொடரையே எடுத்துக்கொண்டிருக்கிறாள். மேலே எத்தனை கண்மாய், எங்கெங்கே வரத்து அறுந்திருக்கிறது, திறந்தால் எவ்வளவு வரும் என்று கணக்கு. வாரம் ஒரு தடவை அப்பத்தாவுக்கு போன் போட்டு இடத்தின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். சர்வே வரைபடத்தில் அந்தப் பெயர்கள் இல்லையாம். அம்மாவும் இப்போது "ரெண்டு வருசமா?" என்று கேட்பதில்லை. "சீக்கிரம் முடிடி, நானிருக்கும்போதே" என்கிறார்.

பதிவு நீண்டுவிட்டது.  ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கண்மாய் அல்லது ஏரியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதற்கு வரத்து எங்கிருந்து என்று அடுத்த தடவை ஊருக்கு போன் பேசும்போது பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்கு அடுத்து கேட்க ஆள் இருக்காது.